சுசீலா ராமன்

சுசீலா ராமன் (பிறப்பு: ஜூலை 21, 1973) இங்கிலாந்தைச் சேர்ந்த தமிழ்ப் பாடகியும் பாடலாசிரியரும் ஆவார். இவர் தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்தவர். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர், திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் முதலியோரின் கீர்த்தனைகளைச் சோல், புளூஸ், ஜாஸ் ஆகிய மேற்கத்திய இசை வகைகளுடன் இணைத்துப் பாடியதன் மூலம் அறியப்பட்டார். 2001 ஆம் ஆண்டில் வெளியான இவரது முதல் இசைத்தொகுப்பான சால்ட் ரெயின் (உப்பு மழை) பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இளமைக்காலம்

1977 இல் இவரது குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. சுசீலா சிறு வயது முதலே கருநாடக இசை பயின்று, இளம் பருவத்திலேயே கச்சேரிகள் செய்தார். பதின்ம வயதில் சிட்னி நகரில் சொந்த இசைக்குழு ஒன்றைத் தொடங்கி ஃபங்க், ராக் பாடல்களைப் பாடினார். பின்னர் புளூஸ், ஜாஸ் வகைகளின் பக்கம் திரும்பினார்.

இவ்விரு பயிற்சிகளும் குரலைப் பயன்படுத்தும் முறையில் வேறுபட்டவை. கருநாடக இசையில் சுரத்தின் தூய்மையும் கமகமும் முதன்மை பெறுகின்றன. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல்களிலிருந்தும் புளூசிலிருந்தும் 1950களில் உருவான சோல் இசையிலோ குரலின் கரகரப்பு, மூச்சு, உடைவு ஆகியவையும் உணர்ச்சியைக் காட்டும் கருவிகளாகின்றன. இரண்டையும் ஒரே குரலில் கொண்டுவரும் வழியைத் தேடி, 1995 இல் இவர் இந்தியாவுக்கு வந்தார். அங்கு இந்துத்தானி இசைக்கலைஞர் சுருதி சடோலிகரிடம் பயின்றார்.

இசைப் பயணம்

1997 இல் இங்கிலாந்து திரும்பிய சுசீலா, கிதார் கலைஞரும் தயாரிப்பாளருமான சாம் மில்சுடன் இணைந்து பணியாற்றத் தொடங்கினார். சாம் மில்சு அதற்கு முன்னரே வங்காளத்தின் பாவுல் பாடகர் பபன் தாசுடன் இணைந்து இசைத்தொகுப்பு வெளியிட்டவர். இவர்களின் கூட்டு முயற்சியில் சால்ட் ரெயின் உருவானது. தீட்சிதரின் "மகாகணபதிம்", தியாகராசரின் "நகுமோமு" ஆகிய கீர்த்தனைகளுடன் சுசீலாவின் சொந்த ஆங்கிலப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. 2001 ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசை பி. ஜே. ஹார்வி பெற்றார். எனினும் அப்பரிந்துரை சுசீலாவைப் பரந்த இரசிகர்களிடம் கொண்டு சென்றது. 2002 இல் பிபிசி வானொலி 3 வழங்கிய உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பின்னர் வந்த தொகுப்புகளில் இவரது களம் விரிவடைந்தது. லவ் டிராப் தொகுப்பில் நைஜீரியாவின் புகழ்பெற்ற டிரம்சு கலைஞர் டோனி ஆலன் பங்கேற்றார். அத்தொகுப்பின் தலைப்புப் பாடல் எத்தியோப்பியப் பாடகர் மகுமூத் அகமதின் பாடலைத் தழுவியது. வேல் தொகுப்பில் தமிழ்நாட்டின் முருக பக்திப் பாடல் மரபை எடுத்தாண்டார். கோயில்களிலும் திருவிழாக்களிலும் பாடப்படும் அம்மரபு, சபாக்களின் கச்சேரி மரபிலிருந்து வேறுபட்டது. உரத்த குரலும் விரைந்த தாளமும் கொண்டது.

கீர்த்தனையும் புளூசும்

இவரது முயற்சிக்கு இசையிலக்கண அடிப்படை ஒன்றும் உண்டு. "நகுமோமு" ஆபேரி இராகத்தில் பாடப்படுவது. இவ்விராகத்தின் ஆரோகணத்தில் சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிடாதம் என ஐந்து சுரங்கள் உள்ளன. புளூஸ் இசையின் அடிப்படையாக அமைந்த ஐந்து சுர அளவையிலும் இதே சுரங்களே வருகின்றன. ஆகவே புளூஸ் பழகிய காதுக்கு ஆபேரி முற்றிலும் அயலானதன்று. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஆபேரியின் அவரோகணத்தில் ஏழு சுரங்களும் வருகின்றன. மேலும், இராகத்தின் உருவம் சுரங்களால் மட்டுமன்றிக் கமகங்களாலும் பிடிகளாலும் அமைகிறது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கருநாடக இசை சுருதியின் மேல் நகரும் ஒற்றை மெட்டாலானது. கிதாரில் பல சுரங்களை ஒருசேர ஒலித்தால், அசைந்து செல்ல வேண்டிய சுரம் ஓரிடத்தில் நிலைத்துவிட நேரலாம். கீர்த்தனை குருவிடமிருந்து சீடருக்குப் பாடாந்தரமாக வருவது என்பதால், அதன் நடையை மாற்றுவதற்கான உரிமை குறித்த வினாவும் எழுகிறது. மறுபுறம், தெலுங்கோ சமசுகிருதமோ அறியாத, கச்சேரிக்கே சென்றிராத கேட்போரிடம் இப்பாடல்களைச் சேர்த்தது இத்தகைய இசையே.

தஞ்சை மரபும் மேற்கத்திய இசையும்

தஞ்சை மண்ணின் இசைக்கு மேற்குடனான உறவு புதியதன்று. முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமசுகிருத வரிகள் அமைத்தார். அவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசியின் தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய இசையும் ஒலித்தது. தியாகராசர் (1767–1847) திருவையாற்றில் வாழ்ந்ததும் இக்காலத்திலேயே.

எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்தது. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்சு 1960களில் கருநாடக இசையை முறையாகக் கற்று, திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் பாடினார். ஹிக்கின்சு பாகவதர் என்று அழைக்கப்பட்டார். அவர் மரபின் இலக்கணத்துக்குள் நின்று பாடினார். தஞ்சையைப் பூர்வீகமாகக் கொண்ட சுசீலாவோ, பெற்றோரின் மரபை அதன் கச்சேரி வடிவத்திலிருந்து வெளியே எடுத்துச் சென்றார்.

இசைத்தொகுப்புகள்

* 2001 – சால்ட் ரெயின்
* 2003 – லவ் டிராப்
* 2005 – மியூசிக் ஃபார் குரோக்கடைல்ஸ்
* 2007 – 33 1/3 (ஜிமி ஹென்றிக்சு, பாப் டிலான் முதலியோரின் பாடல்கள்)
* 2011 – வேல்
* 2014 – குயின் பிட்வீன் (இராசசுத்தான் இசைக்கலைஞர்களுடனும் பாக்கித்தான் கவ்வாலிப் பாடகர்களுடனும்)
* 2018 – கோஸ்ட் கேமலான் (இந்தோனேசியாவின் சாவகத் தீவு இசைக்கலைஞர்களுடன்)