சிறிய இல்லமும் மரச்சாமான்களும்

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் அளந்து கிடைத்த பொருளாகும். திண்ணையும் கூடமும் முற்றமும் கொல்லையும் கண்டு வளர்ந்தவர், மும்பையில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட குடியிருப்பில் கால் வைத்த அன்றே இடத்தின் அருமையை உணர்கின்றார். ஒர்லியிலும் நாய்காமிலும் எழுந்த பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்திற்கு அமைந்த அறை 160 சதுர அடி. தாராவிச் சீரமைப்பில் அவ்விடத்திலேயே வீடு பெறத் தகுதியுடையோருக்கு 350 சதுர அடி என்று 2024-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். இத்துணைச் சிறிய இடத்தில் மனிதர் வாழ்வதா, மரச்சாமான்கள் வாழ்வதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூவர் அமரும் சோபா ஒன்று ஏழடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்டது. அது 21 சதுர அடியைக் கொள்கின்றது. ஐந்தடிக்கு ஆறரை அடி கட்டில் முப்பத்திரண்டரை. இரும்புப் பீரோ நாலரை. நால்வர் உண்ணும் மேசை 12. நாற்காலிகளைச் சேர்க்காமலே எழுபது சதுர அடி போயிற்று. 350 சதுர அடி வீட்டில் இது ஐந்தில் ஒரு பங்கு. 160 சதுர அடி அறையிலோ ஏறத்தாழப் பாதி. எஞ்சிய இடத்தில்தான் சமையலும், குளியலும், குழந்தையின் படிப்பும், ஊரிலிருந்து வரும் பெரியவர்களின் உறக்கமும் நடைபெற வேண்டும்.

அளவே முதல்

ஆகவே கடைக்குச் செல்லுமுன் கையில் எடுக்க வேண்டியது பணப்பை அன்று, அளவு நாடாவே. ஓரடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக் கொண்டு அறையின் படத்தைத் தாளில் வரைக. கதவு எப்பக்கம் திறக்கின்றது, சன்னல் எங்கே, மின்விசை எங்கே என்று குறிக்க. வாங்க நினைக்கும் பொருளின் அளவிற்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அவற்றைச் சுற்றி நடமாடிப் பார்க்க. இடிக்கும் இடம் எது என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒருவர் தடையின்றி நடக்க இரண்டரை அடி வழி வேண்டும். சோபாவிற்கும் அதன் முன் உள்ள சிறு மேசைக்கும் இடையே ஒன்றரை அடியேனும் வேண்டும்.

அறையோடு அளவு முடிந்துவிடவில்லை. வாயிற்கதவு, மாடிப்படியின் திருப்பம், லிப்டின் உட்புறம் ஆகியவற்றையும் அளக்க வேண்டும். கைப்பேசியில் படம் பார்த்து வரவழைத்த சோபா, மூன்றாம் மாடித் திருப்பத்தில் திரும்ப மறுத்து நின்றுவிட்டால் பொருளும் பொழுதும் வீண். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரும் இரயில்வே ஊழியரும், திருகாணியைக் கழற்றிப் பிரித்துக் கட்டக்கூடிய கட்டிலையும் மேசையையும் தேர்வதே நன்று.

எதை வாங்குவது?

ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது சிறிய வீட்டின் சட்டம். அடியில் பெட்டி அமைந்த திவான் பகலில் இருக்கை, இரவில் படுக்கை, எப்போதும் மெத்தை போர்வைகளின் கிடங்கு. சுவரோடு மடியும் மேசை உண்ணவும் எழுதவும் உதவும். இவ்வகையில் நம் முன்னோர் நமக்கு ஆசிரியர்கள். பகலில் சுருட்டி மூலையில் வைத்து, இரவில் விரித்துக் கொள்ளும் பாயைப் போல் இடம் கேட்காத படுக்கை வேறெதுவும் இல்லை. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாய் நான்கு பேர் உறங்க இடம் தந்து, விடிந்ததும் அறையை நமக்கே திருப்பித் தருகின்றது. நாகரிகம் கருதி அதனைத் தள்ளிவிடத் தேவையில்லை. ஆயினும் முழங்கால் நோவுடைய பெரியவர்களைத் தரையில் அமர்த்துவது தகாது. அவர்களுக்குத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரமுள்ள கட்டிலும், கைப்பிடியுள்ள நாற்காலியும் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, மரத்தின் இயல்பு. மும்பையில் ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகின்றது. அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே கொட்டுகின்றது. அந்த ஈரத்தில் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு உப்பி, திருகாணியின் பிடி தளர்ந்துவிடும். பிளைவுட் எனின் முத்திரை பார்த்து வாங்குக. பொது உபயோகத்திற்குரியது ஐ.எஸ். 303, நீர்த்தொட்டியின் அடி போன்ற ஈர இடங்களுக்கு ஐ.எஸ். 710. தில்லியின் கோடையோ மரத்தை உலர்த்தி, மூட்டுகளை விலகச் செய்வது. நன்கு பதப்படாத மரத்தை அங்கு வாங்குதல் ஆகாது.

புதியதே வேண்டும் என்பதும் இல்லை. தில்லியில் கீர்த்தி நகரும் பஞ்ச்குயியான் சாலையும் மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்றவை. மும்பையில் சோகேசுவரி அருகே ஓசிவாராவில் பழைய தேக்குச் சாமான்கள் கிடைக்கும். பழைய பொருளைக் கவிழ்த்துப் பார்த்தே வாங்குக. சிறு துளைகளும் அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மாவும் இருப்பின் உளு இன்னும் உயிரோடு உள்ளது. மூட்டுகளிலும் ஆணித் துளைகளிலும் கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சியை விலை கொடுத்து வீட்டிற்கு அழைத்து வருகின்றோம் என்று பொருள்.

எங்கே வைப்பது?

உயரமானவற்றை ஒரே சுவரில் சேர்த்து வைத்தால் மற்றப் பக்கங்கள் விரிந்து தோன்றும். சன்னலை மறைத்துப் பீரோவை நிறுத்துவது, வாடகை கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை நாமே அடைத்துக் கொள்வதாகும். மழை அடிக்கும் புறச்சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளியே பீரோவை வைக்க. காற்று உலவினால் பூஞ்சணம் பிடிக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணைத்தல் இன்றியமையாதது; இழுப்பறைகளைப் படிகளாகக் கொண்டு குழந்தை ஏறினால் அலமாரி அதன் மேலேயே சாயும். பெரியவர்களின் கட்டிலிலிருந்து குளியலறை வரை உள்ள வழியில் முக்காலியோ, வழுக்கும் கால்மிதியோ, மின்கம்பியோ கிடத்தல் கூடாது. இரவில் அவர்கள் தடுக்கி விழுவதற்கு அவ்வொன்றே போதும்.

எவ்வளவு சிறிய வீடாயினும் ஒரு மூலை படிக்கும் பிள்ளைக்கே உரியதாகுக. இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகை, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், சன்னலருகே போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் கையின் நிழல் எழுத்தின் மேல் படியாது. விருந்தினர் எப்போதேனும் அமரும் சோபாவிற்கு ஏழடி தந்துவிட்டு, நாள்தோறும் படிக்கும் பிள்ளையைக் கட்டிலின் மேல் குனிந்து எழுத வைப்பது நியாயமன்று.

வீட்டைப் பிறருக்குக் காட்டும்போது

பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புவோரும், பெரிய வீட்டிற்கு மாறுவோரும் தம் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முற்படுகின்றனர். அப்போது வீட்டை ஒழுங்கு செய்து காட்டுவதை மேனாட்டார் ஹோம் ஸ்டேஜிங் என்று ஒரு தொழிலாகவே வளர்த்துள்ளனர். அதன் சாரம் எளிது. மிகையானவற்றை அகற்றுக, நடக்கும் வழியைத் திறந்து விடுக, திரைகளை விலக்குக, எரியாத விளக்குகளை மாற்றுக, ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பயன் உண்டு என்பது பார்த்தவுடன் விளங்கச் செய்க. முழுதும் காலியான அறை சிறிதாகத் தோன்றும். கட்டில் எங்கே போடுவது என்று வந்தவர் திகைப்பார். நிரம்பி வழியும் அறையோ அதனினும் சிறிதாகத் தோன்றும். தேவையான சில பொருள்கள் மட்டும் உள்ள அறையே தன் அளவை உள்ளவாறு உரைக்கும்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. நீர் கசியும் சுவரின் முன் பீரோவை நகர்த்தி வைப்பதும், விரிசலின் மேல் நாட்காட்டி தொங்க விடுவதும் அலங்காரம் ஆகா, வஞ்சனையே ஆகும். நம் வீட்டை வாங்க வருபவரும் பெரும்பாலும் நம்மைப் போல் ஆண்டுக்கணக்கில் சேமித்த பணத்தோடு வருபவரே. குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைப் பேசுவதே நமக்கும் நம் சமூகத்திற்கும் அழகு.

இறுதியாக, பழம்பொருள்களைப் பற்றி ஒரு சொல். தாத்தாவின் ஊஞ்சற்பலகையைப் பிரிய மனம் வராதவர் நம்மில் பலர். சங்கிலி மாட்ட உறுதியான விட்டம் இல்லாத அடுக்கு வீட்டில் அப்பலகையைக் கட்டிலடியில் மறைத்து வைப்பதால் யாருக்கும் பயனில்லை. நான்கு கால் பொருத்தினால் அது கூடத்தில் பெஞ்சாகும். பேரன் பேத்தி அதன் மேல் அமர்வர். பயன்படும் நினைவு இடத்தை அடைப்பதில்லை. மற்றவற்றை, தேவையுள்ளோருக்கு மனமுவந்து கொடுத்துவிடுவோம். வீடும் இலேசாகும், மனமும் இலேசாகும்.