இரண்டு மிதிவண்டிகள், ஓர் உடல்

"மீண்டும் சைக்கிள் ஓட்டலாமா, டாக்டர்?"

இதய அறுவை முடிந்து வீடு திரும்புவோரும், நீரிழிவுக்கு மருந்து உண்போரும், முழங்கால் வலிக்காக வருவோரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவரின் அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோ, "வேண்டாம் என்று சொல்லுங்கள்" எனக் கண்ணாலேயே எங்களிடம் வேண்டுவதும் உண்டு. இருவருக்கும் பொருந்தும் விடையைச் சொல்லும் முன் நாங்கள் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம்: எந்த வண்டி? எந்தப் பாதை?

குருசுக்குப்பத்தில் வாழ்வோருக்கு இந்தக் கேள்வி எளிதில் விளங்கும். தெற்கே நகரின் நேர்நேரான தெருக்கள் மேடுபள்ளம் இன்றிக் கிடக்கின்றன. வடக்கே கோட்டக்குப்பத்தைக் கடந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வழுவழுப்பான தார்ப்பரப்பு. பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பிக் குயிலாப்பாளையம் வழியே சென்றால் ஆரோவில்லின் செம்மண் தடங்கள். அங்கே மழைநீர் அரித்த பள்ளங்களும் வேர்கள் குறுக்கிடும் காட்டு வழிகளும் உண்டு. ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருவகை நிலம் அமைந்திருப்பதால், செம்மண்ணுக்கென ஒரு மலைப்பாதை மிதிவண்டியும் தார்ச்சாலைக்கென ஒரு சாலை மிதிவண்டியும் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒருவருக்கு இரண்டு வண்டி ஆடம்பரம் என்று தோன்றலாம். மருத்துவக் கண்ணோட்டத்தில் அவர்களிடமிருந்து எல்லோரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உள்ளது. கால்கள் அவையே, இதயம் அதுவே. ஆயினும் வண்டி மாறும்போது உடல் தாங்கும் சுமை மாறுகிறது.

வண்டிகளுக்குள் என்ன வேறுபாடு?

சாலை மிதிவண்டியின் டயர் மெலிந்தது. பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலம். அதில் காற்றை இறுக்கமாக அடைப்பார்கள். ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஓட்டுபவர் முன்னால் குனிந்து, காற்றின் எதிர்ப்பைக் குறைத்து, ஒரே சீரான வேகத்தில் நெடுந்தொலைவு செல்வதற்காக அமைந்த வண்டி அது.

மலைப்பாதை மிதிவண்டியின் டயர் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அகலமானது, புடைப்புகள் கொண்டது. காற்று குறைவாக இருப்பதால் கல்லையும் வேரையும் அமுங்கித் தழுவிச் செல்லும். ஹேண்டில்பார் நேராகவும் அகலமாகவும் இருக்கும். முன்சக்கரத்தின் மேலுள்ள சஸ்பென்ஷன் அதிர்ச்சியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் மாவட்டத்தில், பழைய கனத்த மிதிவண்டிகளை மலைச்சரிவுகளில் இறக்கி ஓட்டிய இளைஞர்களிடமிருந்து வளர்ந்த வகை இது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது தனிப்போட்டியாகவே சேர்க்கப்பட்டது.

உடலில் என்ன வேறுபாடு?

*கைகள்.* முன்னால் குனிந்து ஓட்டும்போது உடல் எடையில் ஒரு பங்கு உள்ளங்கைகளில் இறங்குகிறது. சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சாலை வண்டியில் நீண்ட நேரம் ஒரே பிடியில் இருப்பதாலும், செம்மண் தடத்தில் ஓயாத அதிர்வாலும் இது நேரலாம். கையுறை அணிவதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுவதும் முதல் மருந்து. வண்டியை விட்டு இறங்கிய பின்னும் மரப்பு நீடித்தால், அல்லது சட்டைப் பொத்தானை மாட்டவே விரல்கள் தடுமாறினால், காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

*கழுத்தும் முதுகும்.* குனிந்த உடலிலிருந்து சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சாலை வண்டி வலி தருவதற்கு இதுவே காரணம். சற்று நிமிர்ந்து அமரச் செய்யும் மலைப்பாதை வண்டி கழுத்துக்கு இதமானது; ஆனால் பள்ளங்களில் அது குலுங்குவதை இடுப்பு வட்டு விலகியவர்களின் முதுகு தாங்காது. ஆகவே, கழுத்து வலி உள்ள ஒருவர் மலைப்பாதை வண்டியைத் தார்ச்சாலையிலேயே ஓட்டுவது நல்ல உடன்பாடு.

*முழங்கால்.* இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் பின்புறம் வலிக்கும். இரண்டு வண்டி வைத்திருப்போர் இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் நிலைத்தன்மைக்காக இருக்கையைத் தாழ்த்துவார்கள். சமதளத்துக்கு வந்தபின் உயர்த்த மறந்து பல கிலோமீட்டர் மிதிப்பார்கள். வலி வந்ததும் பழி முழங்காலின்மேல் விழுகிறது. சரிபார்க்க எளிய வழி உண்டு. இருக்கையில் அமர்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இரண்டு வண்டியிலும் இந்த அளவு ஒன்றாக இருக்கட்டும்.

*எலும்பு.* மிதிவண்டி இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அது மட்டும் போதாது. உடல் எடையை இருக்கையே தாங்கிக்கொள்வதால் கால் எலும்புகளுக்கும் முதுகெலும்புக்கும் தூண்டுதல் குறைகிறது. 2002ஆம் ஆண்டு 'போன்' என்னும் ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று, போட்டிகளில் பங்கேற்கும் ஆண்களை ஒப்பிட்டது. உடல் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, மலைப்பாதையில் ஓட்டுவோரின் எலும்பு அடர்த்தி சாலையில் ஓட்டுவோரினதைவிடக் கூடுதலாக இருந்தது. அதிர்வும், எழுந்து நின்று சமநிலை காக்கும் உழைப்பும் எலும்புக்கு ஓரளவு பயன்தருகின்றன என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் எலும்பு ஏற்கெனவே மெலிந்துவிட்ட மூத்தவர் இதைப் படித்துவிட்டுச் செம்மண் தடத்துக்குக் கிளம்பிவிடக் கூடாது. ஒரு சறுக்கலே இடுப்பு எலும்பை முறித்துவிடும். அவருக்கு ஏற்றவை நடையும், தசைக்கு வலுவூட்டும் எளிய பயிற்சிகளும்.

*இதயம்.* தார்ச்சாலையில் நாடித்துடிப்பு மெல்ல ஏறி ஒரே நிலையில் நிற்கும். செம்மண்ணில் ஒரு சிறு மேடு வந்தாலே துடிப்பு திடீரென உயரும், இறக்கத்தில் தணியும், மீண்டும் உயரும். உடல்நலம் உள்ளவருக்கு இரண்டும் நல்ல பயிற்சி. செம்மண்ணில் பழகியவர் தார்ச்சாலையில் நெடுநேர நிதானத்தைப் பெறுகிறார். சாலையில் பழகியவர் தடத்தில் சமநிலையையும் தோள்வலுவையும் பெறுகிறார். ஒரே தசையும் மூட்டும் நாள்தோறும் ஒரே விதமாகத் தேய்வதும் குறைகிறது. நோயிலிருந்து மீள்பவரின் இதயத்துக்கோ முதலில் வேண்டியது சீரான, முன்கூட்டியே கணிக்கக்கூடிய உழைப்பு.

நோயும் பாதையும்

*இதய நோயாளிகள்.* மார்பெலும்பைத் திறந்து செய்யும் பைபாஸ் அறுவைக்குப் பின் அந்த எலும்பு நன்கு கூட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை ஹேண்டில்பாரை அழுத்துவதும் இழுப்பதும் ஆகாது. செம்மண் தடத்தில் இவ்விரண்டையும் தவிர்க்கவே முடியாது. நிலையாக நிற்கும் பயிற்சி மிதிவண்டி முதல் படி, சமமான தெரு இரண்டாம் படி, நெடுஞ்சாலை அதன் பின், செம்மண் கடைசி. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் விரைவில் தொடங்கலாம். ஆனால் எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்போர் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை அளவுகோலாகக் கொள்ளலாகாது. மாத்திரை அதை உயரவிடாது. மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. மூச்சு அறுபட்டால் வேகம் மிகுதி.

*இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர்.* சிறு காயமே பெரிதாகிவிடும். இவர்களுக்குச் செம்மண் தடம் வேண்டாம் என்பதே எங்கள் பொதுவான அறிவுரை. எந்தப் பாதையானாலும் ஹெல்மெட் கட்டாயம். தலையில் அடிபட்டால், வலி இல்லை, மயக்கம் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூளையைச் சுற்றிய கசிவு சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம்.

*நீரிழிவு உள்ளவர்கள்.* இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர், புறப்படும் முன் அளவைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்ட பிறகே கிளம்ப வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கடைகள் உள்ள தெருவில் தலைசுற்றினால் யாரேனும் ஓடி வருவார்கள். முந்திரிக்காட்டுத் தடத்தில் வரமாட்டார்கள். ஆகவே அங்கே தனியே செல்ல வேண்டாம். விழித்திரையில் முற்றிய பாதிப்பு உள்ளவர்கள் குலுங்கும் பாதையை முழுமையாகத் தவிர்க்க வேண்டும். பாதம் மரத்தவர்கள் மூடிய காலணி அணிந்து, திரும்பியதும் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

செம்மண் தடம் ஆபத்து, தார்ச்சாலை பாதுகாப்பு என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. இது முழு உண்மையன்று. தடத்தில் விழுபவர் பெரும்பாலும் தாமே விழுகிறார். தோல் உரியும், மணிக்கட்டோ கழுத்துப்பட்டை எலும்போ முறியலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தும் காரும் விரையும்; அங்கே நேரும் மோதல் உயிரையே பறிக்கலாம். ஆகவே தார்ச்சாலைக்குச் செல்பவருக்கு ஒளிரும் மேற்சட்டையும் பின்விளக்கும் வேண்டும். தடத்துக்குச் செல்பவருக்கு ஒரு துணை வேண்டும். இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். இருவரும் செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

கடலோரக் காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராது. உடல் சூடு தணியாது. கோடையில் காலை 7 மணிக்குள் வீடு திரும்புவது நலம். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரை அளந்து பருகச் சொல்லப்பட்டவர்கள், பயணத்தின்போது எவ்வளவு குடிக்கலாம் என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செம்மண் படிந்த காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் நன்கு கழுவுங்கள். காப்பித்தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம். காயம் ஆழமானதாகவும் அழுக்கானதாகவும் இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். குழந்தைகளின் வயிற்றில் ஹேண்டில்பாரின் முனை குத்தினால், மேலே சிராய்ப்பு மட்டுமே தெரிந்தாலும் உள்ளே மண்ணீரலோ கணையமோ காயப்பட்டிருக்கக்கூடும். வயிற்று வலி, வாந்தி, முகம் வெளிறுதல் கண்டால் உடனே அழைத்து வாருங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் மிதிப்பதை நிறுத்தி 108ஐ அழைக்கவும்:

• மார்பில் இறுக்கம், அல்லது தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலி
• ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல்
• கண் இருளுதல், மயக்கம், குளிர்ந்த வியர்வை
• பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி
• தலையில் அடிபட்ட பின் வாந்தி, தூக்கக்கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி

அடுத்த முறை வரும்போது

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் சமதெருவில் நிதானமாக மிதித்தாலே அந்த அளவு நிறைந்துவிடும். விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளே போதும்.

ஆகவே, எங்களிடம் வரும்போது "ஓட்டலாமா, கூடாதா" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வண்டி, எந்தப் பாதை, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் கேளுங்கள். உங்களிடம் இரண்டு வண்டிகள் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். எதை இன்று எடுக்கலாம், எதைச் சில மாதம் சுவரில் சாய்த்து வைக்கலாம் என்று சேர்ந்தே முடிவு செய்வோம். அருகில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டாரும் அதைக் கேட்டிருந்தால், நீங்கள் வாசலைத் தாண்டும்போது அவர்கள் மனமும் அமைதியாக இருக்கும்.