இளைச்சுப் போயிட்டியே!

பொங்கலுக்கு ஊருக்கு வந்து இறங்கிய தம்பி மகளை அம்மா வாசற்படியிலேயே நிறுத்தினார். ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து வளையலை மேலே தள்ளினார். அது தடையில்லாமல் முழங்கை வரை ஏறியது. “என்னட்டி இப்படி எளச்சுப் போயிட்டே? சோறு கீறு திங்குதியா, இல்லையா?” என்று கேட்டபோது அவர் குரலில் கலக்கம் இருந்தது. 16 வயதுப் பிள்ளையின் முகமோ பூத்துவிட்டது. “நிஜமாவா ஆச்சி? நல்லாத் தெரியுதா?” என்றாள்.

எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் ஒரே பொருள்தான். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனிடமும் கல்யாணமாகி முதல் தடவை வீட்டுக்கு வரும் மகளிடமும் அதைத்தான் சொல்வார்கள். அதில் பழி யார் மேல் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மெலிந்தவர் மேல் அல்ல, கவனித்துச் சோறு போட வேண்டியவர்கள் மேல். மகள் இளைத்து வந்தால் பெற்றவள் கண் சம்பந்தி வீட்டுப் பக்கம்தான் திரும்பும்.

ஆச்சியின் கவலை பேத்தியின் காதில் பாராட்டாக விழுந்த அந்த நொடியில் எனக்கு ஃபிஜித் தீவு நினைவுக்கு வந்தது. ஒரு சமூகம் உடலைப் பார்க்கும் விதம் சில ஆண்டுகளுக்குள் எப்படி மாறியது என்பதை ஆண்டு குறித்து, ஆள் எண்ணிப் பதிவு செய்த இடம் அது.

1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நாடு. கரும்புத் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பாரதி நொந்து பாடியதும் அந்தத் தீவுகளைப் பற்றித்தான். ஆனால் நான் சொல்லவரும் ஆய்வு நடந்தது அங்கே காலங்காலமாக வாழும் பழங்குடி ஃபிஜியர்களிடம். மானுடவியலும் மனநல மருத்துவமும் படித்த ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர், 1980-களிலிருந்தே அவர்களிடையே தங்கி ஆராய்ந்தவர்.

அந்தக் கிராமங்களில் வீட்டில் உலை வைத்திருந்தால், தெருவில் போகிறவரைப் பார்த்து “மை கானா” என்று குரல் கொடுப்பார்கள். ‘வா, சாப்பிடு’ என்று அர்த்தம். சேப்பங்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, மீன், தேங்காய்ப்பால் என்று இருப்பதைப் பங்கு போடுவார்கள். திடமான, வளர்த்தியான உடம்பு அங்கே பெருமைக்குரியது. அது அந்த ஆளின் சாதனையாகக் கருதப்படுவதில்லை, அவரைப் பேணும் உறவுக்குச் சேரும் பெருமை. ஒருவர் மெலிந்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லையோ என்று ஊர் பதறும். பசி எடுக்கவில்லை என்பதற்கே ‘மதாகே’ என்று ஒரு நோய்ப்பெயர் உண்டு; பச்சிலை மருந்தும் உண்டு. பெக்கரின் எழுத்தில் இதைப் படித்தபோது எங்கள் அடுப்படியைப் படித்தது போலவே இருந்தது எனக்கு.

1995-ல் அந்த நாட்டின் மேற்குப் பக்கம், நாண்ட்ரோங்கா மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களுக்குள் பெக்கர் குழுவினர் அங்கே 63 பள்ளி மாணவிகளிடம் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். மாணவிகளின் சராசரி வயது 17-ஐ ஒட்டி இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1998-ல், அதே வயதில் வேறு 65 மாணவிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவருடைய உண்ணும் பழக்கம் நோயாகத் திரும்பும் அபாயத்தைக் கணிக்கும் 26 கேள்விகள் அதில் இருந்தன. மதிப்பெண் 20-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 1995-ல் தாண்டியவர்கள் 12.7 சதவீதம். 1998-ல் 29.2 சதவீதம்.

இன்னொரு கேள்விதான் என் நெஞ்சில் தைத்தது. எடை ஏறாமலிருக்கத் தானாகவே வாந்தி எடுத்தது உண்டா? 1995-ல் ஒருத்தி கூட ஆமென்று சொல்லவில்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். போகிறவர் வருகிறவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிடும் ஊரில், உண்ட சோற்றைத் தொண்டையில் விரல் விட்டு வெளியேற்றும் பிள்ளைகள்!

நான் உடம்பு பெருத்துவிட்டேன், குண்டாக இருக்கிறேன் என்று எப்போதாவதேனும் தோன்றுவதாக அந்த 1998 மாணவிகளில் 74 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது ‘ஸீனா’, ‘மெல்ரோஸ் பிளேஸ்’, ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ போன்ற வெளிநாட்டுத் தொடர்களை. வெறும் அழகு மோகம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். பெக்கரிடம் அந்தப் பெண்கள் மனம்விட்டுப் பேசியதில் வேறொன்று தெரிந்தது. தொடர்களில் வருகிற பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், தைரியமாகப் பேசுகிறார்கள். எல்லோரும் ஒல்லியாக இருக்கிறார்கள். அந்த உடம்பு இருந்தால் அந்த வாழ்க்கையும் கிடைக்கும் என்று இவர்கள் நம்பினார்கள். கிராமத்தைத் தாண்டி ஒரு வேலை, கையில் கொஞ்சம் காசு என்ற நியாயமான ஆசைதான் கடைசியில் தட்டைத் தள்ளிவைப்பதில் வந்து முடிந்தது. அந்தப் பிள்ளைகளை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

சின்ன ஆய்வுதான். இரண்டு தடவையும் கேட்டது வேறு வேறு பெண்களிடம். அந்த மூன்று வருஷத்தில் அங்கே மாறியது தொலைக்காட்சி மட்டுமல்ல என்பதும் உண்மை. தட்டிலிருந்ததும் மாறிக்கொண்டிருந்தது. கிழங்கும் மீனும் இருந்த இடத்தில் நூடுல்ஸ், டின்னில் அடைத்த இறைச்சி, சர்க்கரை பானம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேண்டாமென்று கழித்த கொழுப்பு மிகுந்த ஆட்டிறைச்சித் துண்டுகள் மலிவு விலையில் வந்து குவிந்தன; 2000-ல் ஃபிஜி அரசு அவற்றின் விற்பனையைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. இன்று நீரிழிவு அந்நாட்டின் பெரும் சுமைகளில் ஒன்று. உடம்பை ஊதவைக்கும் பொட்டலமும், ஊதிய உடம்பைக் கண்டு கூசவைக்கும் திரையும் ஒரே காலத்தில் ஒரே வீட்டுக்குள் நுழைந்தன. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

பழியை முழுக்கத் திரையின் மேல் போடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீட்டு விசேஷங்களில் ‘பூசணி’ என்றும் ‘ஈர்க்குச்சி’ என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது யார்? பெண் பார்க்க வந்த இடத்தில் ‘கொஞ்சம் சதை போட்டாப்ல இருக்கே’ என்று கூடத்தில் உட்கார்ந்து சொன்னவர்கள் எந்தத் தொடரையும் பார்த்துவிட்டு வரவில்லை. தொலைக்காட்சி அந்த வாயை நாள் முழுக்கத் திறந்துவைத்தது. கைபேசி அதைப் படுக்கைக்கே கொண்டுவந்துவிட்டது. பதின்வயதுப் பெண்கள் பலருக்குத் தங்கள் உடலைப் பற்றிய வருத்தத்தை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்று அதை நடத்தும் நிறுவனத்தின் சொந்த ஆய்வுகளே கண்டிருந்தன. 2021-ல் அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் ஆவணங்களை வெளியில் கொண்டுவந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

பெற்றவர்கள் கண்ணில் படக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. சாப்பிட்டு எழுந்த கையோடு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. விரல் முட்டியில் பல் உரசிக் காய்த்த தழும்பு. வாந்தியின் அமிலம் அரித்துப் பல் கூசுவது. மாதவிடாய் தள்ளிப்போய், பிறகு நின்றேவிடுவது. அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். இது பிடிவாதமல்ல, நோய். உயிரையும் எடுக்கும். திட்டுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நானே தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். முதலில் சிரித்தான், வளையலைச் சொன்னதும் பேசாமல் இருந்தான்.

‘எங்கள் பிள்ளைக்குப் போனே கிடையாது’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஃபிஜியிலிருந்தே ஒரு செய்தி. பெக்கர் குழுவினர் பின்னாளில் 523 மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பெண் தானே எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறாள் என்பதைவிட, அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதோடுதான் அவளுடைய உண்ணும் கோளாறு அதிகம் தொடர்புபட்டிருந்தது.

எதிர்வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது பட்டன் போன் ஒன்றுதான். பொங்கல் நாலு நாளும் தம்பி மகளின் வாலைப் பிடித்துக்கொண்டே அலைந்தாள். அவள் தலை பின்னினால் இவளும் பின்னினாள். அவள் மாடிக்குப் போனால் பின்னாலேயே போனாள். காணும் பொங்கலன்று சாயந்திரம், சூடு பண்ணிய சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் போட்டு அம்மா இவளிடம் நீட்டினார். போன வருஷம் வழித்துத் தின்றுவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டவள். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேண்டாம் ஆச்சி, வயித்துல எடமில்ல” என்றாள். திண்ணைத் தூணோரம் நின்றுகொண்டு, வலது கை விரல்களால் தன் இடது புஜத்தைச் சுற்றிப் பிடித்து, விரல்நுனிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.