மெட்டும் பிழைத்த கதை

தைப்பூசம் நெருங்கிவிட்டால், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பாதயாத்திரை அடியார்களின் பாட்டொலி ஓய்வதில்லை. முக்காணி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடை. இப்போது நடக்க இயலாமல், வாசலில் அமர்ந்து அந்த ஒலியைக் கேட்கும் முதிய இசை அன்பர்கள் பலர். அப்பாட்டுகளை ஆக்கியவர்களை அவர்கள் நினையாமல் இருப்பதில்லை.

சொல்லையும் இசையையும் தாமே படைப்பவரை வாக்கேயக்காரர் என்பது மரபு. முத்துக்குளித்துறைச் சீமை அத்தகையோர் மூவரைத் தன்னவராகக் கொண்டாடுகிறது. வியப்பு என்னவெனில், மூவரில் ஒருவரும் இம்மாவட்டத்தில் பிறந்தவர் அல்லர்; முருகன் அழைக்க வந்தவர்கள்.

முதல்வர், 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். அலைவாய்த் தலத்திற்கு மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாக்கள் கிடைத்துள்ளன. அவர் பாடியவை பதினாறாயிரம் என்பர்; இன்று உள்ளவை சுமார் 1,300. அவற்றையும் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி, 1894இல் முதற்பகுதியாக அச்சிட்டிராவிட்டால் எத்தனை எஞ்சியிருக்குமோ! ஆயினும் ஒரு குறை உண்டு. சொல் பிழைத்தது, சந்தம் பிழைத்தது. அருணகிரியார் வாய்மலர்ந்த பண் கிடைக்கவில்லை. இன்று பாடப்படும் மெட்டுகள் பிற்காலத்தார் அமைத்தவை.

அந்தக் குறை முத்துசுவாமி தீட்சிதருக்கு நேரவில்லை. அதற்குக் காரணம் எட்டயபுரம்.

1775இல் திருவாரூரில் அவதரித்த தீட்சிதருக்குத் திருத்தணியில் முருகனே கற்கண்டு ஊட்டினான் என்பது வரலாறு. ‘குருகுஹ’ என்ற முத்திரை அந்த நன்றியின் அடையாளம். தம்பி பாலுசுவாமி எட்டயபுர சமஸ்தான வித்துவான். அவரைக் காண வரும் வழியில் வறண்ட கரிசல் நிலத்தைக் கண்டு மனம் இரங்கி, அமிர்தவர்ஷினி ராகத்தில் தீட்சிதர் பாட, மழை பொழிந்தது என்று இன்றும் சொல்வர். 1835இல் தீபாவளித் திருநாளன்று, மீனாட்சியம்மை மீது தாம் இயற்றிய கீர்த்தனையைச் சீடர்கள் பாடக் கேட்டவாறே அவர் எட்டயபுரத்தில் சித்தியடைந்தார்.

பாடல்கள் அப்போது சீடர்களின் நெஞ்சில் மட்டுமே இருந்தன. ஒரு தலைமுறை தவறினால் போய்விடும் நிலை. பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் அவற்றைக் காத்து வைத்திருந்தார். அவை அச்சேற வேண்டுமென்று விடாது வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். அவர் கிறிஸ்தவர். கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதிப் பதிப்பிக்கும் பணியில் தம் வாழ்வைச் செலவிட்டவர். எட்டயபுர மன்னரும் ஆதரவளிக்க, 1904இல் சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சகத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் வெளியாயிற்று. தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் ஸ்வரத்தோடும் கமகக் குறியோடும் அதில் உள்ளன. நூல் முடிந்த இரண்டாம் ஆண்டில், 1906இல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். எவ்வளவு நெருக்கத்தில் தப்பிய செல்வம் அது!

மூன்றாமவருக்கு ஏட்டைவிடக் காலே துணை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது பாடியது காவடிச்சிந்து. முப்பது வயதுகூட நிரம்பாமல் 1891இல் அவர் மறைந்தார். அம்மெட்டுகளோ காவடி தூக்குவோரின் நடையோடும் ஆட்டத்தோடும் கலந்து, ஸ்வரம் அறியாதவர் வாயிலும் வாழ்கின்றன. அதே கழுகுமலை முருகனைத் தீட்சிதர் சுத்த தன்யாசி ராகத்தில் வடமொழியில் பாடியிருக்கிறார். ஒரே சந்நிதியில் இரண்டையும் பாடக் கேட்பவர் பாக்கியசாலிகள். சிந்துக்கே மனம் சற்று முந்தி அசையும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தூத்துக்குடி சிவன் கோயிலில் பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேஸ்வரரை வணங்கிக் காலையில் புறப்பட்டால், எட்டயபுரத்தில் தீட்சிதர் சமாதியையும் பாரதியார் பிறந்த இல்லத்தையும் கண்டு, கோவில்பட்டி வழியாக மாலைக்குள் கழுகாசலமூர்த்தி சந்நிதியை அடையலாம்.