'இது என்ன படம்?' என்று கேட்காதீர்கள்! - மனதை லேசாக்கும் அரூப ஓவியம்

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஏ.வி. பாலத்திலிருந்து வந்து திரும்பும் பஸ்கள், தர்காவுக்கு வருபவர்கள், அமெரிக்கன் கல்லூரி மாணவர்கள், ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறு கையில் ஸ்கேன் கவருமாக அரசு ராஜாஜி மருத்துவமனைக்குள் ஓடும் உறவினர்கள் என எல்லோரையும் பார்க்கலாம். 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால், 'ஏதோ ஓடுதுங்க' என்பதுதான் பலரின் பதிலாக இருக்கும்.

அந்த 'ஏதோ' என்ன என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. கோபமா, பயமா, அசதியா என்று பிரித்துப் பார்க்க நேரமும் இருக்காது. வார்த்தை கிடைக்காத இப்படிப்பட்ட மனநிலைக்குக் கைகொடுக்கும் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு தாள், இரண்டு மூன்று வண்ணங்கள், இருபது நிமிடம். அவ்வளவுதான்.

'எனக்கு வரைய வராதே!'

ஓவியம் என்றதுமே பெரும்பாலானோர் சொல்வது இதைத்தான். பள்ளியில் வரைந்த மாம்பழம் உருளைக்கிழங்காகவும், மயில் கோழியாகவும் தெரிந்ததால் அன்றே பென்சிலைக் கீழே வைத்தவர்கள் அதிகம். ஆனால், அரூப ஓவியத்தில் அந்தப் பயத்துக்கே இடமில்லை.

அரூபம் என்றால் உருவம் இல்லாதது. 'ஆப்ஸ்ட்ராக்ட் பெயின்டிங்' என்று சொல்லப்படுவதும் இதுதான். மரம், வீடு, முகம் என எதையும் பார்த்து அப்படியே வரைவதில்லை. கோடு, வண்ணம், வடிவம், தீற்றல் இவை மட்டுமே படம். மாம்பழம் வரைந்தால் அது மாம்பழம் போல இருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஒரு நீலத் தீற்றலை எதனோடு ஒப்பிடுவது? ஒப்பிட எதுவும் இல்லாததால் தோற்கவும் வழியில்லை. மனதுக்கு இதில் கிடைக்கும் முதல் நிம்மதியே அதுதான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. மதுரைச் சுங்குடிச் சேலையைக் கையில் எடுக்கும் யாரும் 'இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பதில்லை. துணியைச் சின்னச் சின்னதாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடம் புள்ளியாக நிற்கிறது. 'நல்லா இருக்கு' என்று தோளில் போட்டுப் பார்க்கிறோம். வாசலில் வளைந்து வளைந்து ஓடும் சிக்குக் கோலத்தையும் அப்படித்தான் ரசிக்கிறோம். உருவம் இல்லாத அழகு நம் வாசலிலும் துணி அலமாரியிலும் எப்போதோ இடம்பிடித்துவிட்டது. தாளில் பார்க்கும்போது மட்டும்தான் 'இது என்ன படம்?' என்று கேட்கிறோம்.

வேலை முடிந்து தூரிகை பிடித்த பொறியாளர்

'ஓவியக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் இதெல்லாம்' என்று நினைப்பவர்கள் அச்சுதன் கூடல்லூரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளாவின் கூடல்லூரில் பிறந்தவர். சிவில் இன்ஜினீயரிங் படித்து, சென்னைக்கு வந்து பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியோடு இணைந்து இயங்கிய 'மெட்ராஸ் ஆர்ட் கிளப்'பில் வேலை நேரம் போக ஓவியம் பழகினார். தொடக்கத்தில் உருவங்களை வரைந்தவர், பிறகு வண்ணங்களை மட்டுமே பேசவிடும் அரூப ஓவியத்துக்கு நகர்ந்தார். 1988-ல் மத்திய லலித் கலா அகாடமியின் தேசிய விருது பெற்றார். 2022-ல் மறையும்வரை தென்னிந்தியாவின் முக்கியமான அரூப ஓவியர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார்.

துறையூர் அருகே உள்ள கீராம்பூரில் பிறந்த கே.எம்.ஆதிமூலத்தின் பாதையும் சுவாரஸ்யமானது. கறுப்பு வெள்ளைக் கோடுகளில் காந்தியின் முகத்தை விதவிதமாக வரைந்து பெயர் பெற்றவர் அவர். உருவத்தில் அத்தனை தேர்ச்சி இருந்தும், பின்னாளில் வண்ணங்கள் மட்டுமே நிறைந்த அரூப ஓவியங்களில் மூழ்கினார். அதாவது, உருவம் வரையத் தெரியாதவர்களின் புகலிடம் அல்ல அரூபம். தெரிந்தவர்களும் விரும்பிப் போன இடம்.

ஆய்வு சொல்வது என்ன?

ஓவியத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் பழைய செய்தி. 1938-ல் காசநோயால் இங்கிலாந்தில் ஒரு சானட்டோரியத்தில் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், பொழுதுபோக்காக வரைந்ததே தன்னைத் தேற்றியதை உணர்ந்தார். மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942-ல் உருவாக்கியவர் அவர்தான்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 18 முதல் 59 வயது வரையிலான 39 பேருக்கு ஸ்கெட்ச் பேனா, தாள், களிமண், ஒட்டுவதற்கான படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிடம் விருப்பம்போல எதையாவது செய்யச் சொன்னார்கள். அதற்கு முன்பும் பின்பும் உமிழ்நீரில் 'கார்ட்டிசால்' அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் அதிகமாகும் ஹார்மோன் இது. சுமார் 75 சதவிகிதம் பேருக்கு அந்த அளவு குறைந்திருந்தது. இதில் இன்னொரு முக்கியமான விஷயம், கலையில் முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

இது சிறிய ஆய்வுதான். அரூப ஓவியத்தை மட்டும் எடுத்துச் செய்ததும் அல்ல. எல்லோருக்கும் பலன் கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. ஆனாலும், 'நல்லா வரையணும்' என்ற நிபந்தனை இல்லாமல் கை வேலை செய்தாலே மனம் இளைப்பாற வாய்ப்பு உண்டு என்பதை அது காட்டுகிறது.

எப்படித் தொடங்குவது?

* தாள்: பழைய மாத காலண்டரின் பின்பக்கம் போதும். தாள் தடிமனாக இருப்பதால் வாட்டர் கலரையும் ஓரளவு தாங்கும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் வெற்றுப் பக்கத்தில் 'நாளுக்கு ஒன்று' என ஸ்கெட்ச் பேனாவில் வரையலாம்.

* வண்ணம்: குழந்தையின் கிரையான், வாட்டர் கலர் டப்பா எதுவானாலும் சரி. அதுவும் இல்லையா? மஞ்சள்தூள் கரைசல், காபி டிகாக்‌ஷன், பீட்ரூட் சாறு மூன்றும் சமையலறையிலேயே இருக்கின்றன. முதல் நாள் மூன்று வண்ணங்களுக்கு மேல் வேண்டாம். எதை எடுப்பது என்று யோசிப்பதே சுமையாகிவிடும்.

* கருவி: பிரஷ் கட்டாயமில்லை. பழைய டூத் பிரஷ், பஞ்சு, குறுக்கே வெட்டிய வெண்டைக்காய், விரல் நுனி எல்லாமே தூரிகைதான்.

* முதல் கோடு: வெள்ளைத் தாளைப் பார்த்துத் தயக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோட்டை இழுங்கள். அது பிரித்துவிடும் இடங்களை ஒவ்வொன்றாக வண்ணத்தால் நிரப்புங்கள்.

* மூச்சோடு கோடு: மூச்சை இழுக்கும்போது மேல்நோக்கி, விடும்போது கீழ்நோக்கி என ஒரே சீராகக் கோடு போடுங்கள். கொஞ்ச நேரத்தில் கை வேகம் குறையும்.

* நேரம்: இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். அலாரம் அடித்ததும், முடிந்ததோ இல்லையோ, நிறுத்திவிடலாம்.

காத்திருப்பவர்களுக்கும் ஒரு நோட்டு

நோயாளிக்கு மருந்து உண்டு, நர்ஸ் உண்டு. உடன் இருப்பவருக்கு? டெஸ்ட் ரிப்போர்ட் எப்போது வரும், டாக்டர் என்ன சொல்வார் என்று வராந்தாவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரின் மன அழுத்தத்தை யாரும் கேட்பதில்லை. அவர்களே 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். அப்படிப்பட்டவர்களின் பையில் ஒரு சின்ன நோட்டும் நான்கு கிரையானும் இருந்தால் தண்ணீர், மேஜை எதுவும் தேவையில்லை. மடியில் வைத்தே வட்டங்கள், கட்டங்கள், கோடுகள் என நிரப்பலாம். பிரச்னை தீர்ந்துவிடாது. ஆனால், மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வருவதிலிருந்து சிறிது நேரம் இறங்கி நிற்கும்.

இவற்றைத் தவிருங்கள்

வரைந்து முடித்ததும் ஸ்டேட்டஸில் போட்டு லைக்குக்காகக் காத்திருக்காதீர்கள். பிறகு அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளின்ட், 1906-லேயே அரூப ஓவியங்களை வரையத் தொடங்கியவர். தன் மறைவுக்குப் பிறகு 20 ஆண்டுகள் வரை அவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்கும் காட்டாமல் வரைவதும் வரைவதுதான்.

'கறுப்பு அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம்' என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். வீட்டில் குழந்தையோ தாத்தாவோ வரைந்திருந்தால், 'இது என்ன?' என்பதற்குப் பதிலாக, 'இந்த இடத்துல எப்படிப் பச்சை போட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

மிக முக்கியமாக, இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மதுரைக்காரர்களுக்கு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மற்ற சாதாரண நாள்களின் அலுப்புக்கு, இன்று கிழித்த காலண்டர் தாளைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு, அதன் பின்பக்கம் உங்களுக்கானது.