தேரையின் தோலும் வௌவாலின் சிறகும்

ஆலமரத்திலும் புளியமரத்திலும் கூட்டங்கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவாலையும், மழைக்கால இரவில் தெருவிளக்கின் கீழ் பூச்சிக்காகக் காத்திருக்கும் தேரையையும் ஒருசேர வைத்துப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சருமம் என்னும் ஓர் அங்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு நோக்குவோமானால், இவ்விரு பிராணிகளின் ஜீவனமும் அதனையே ஆதாரமாகக் கொண்டிருப்பது விளங்கும்.

வௌவாலின் சிறகு உண்மையில் அதன் கையே. குடைக்கம்பிகளின்மேல் துணி விரிந்திருப்பது போல, நீண்டு மெலிந்த விரலெலும்புகளின்மேல் மெல்லிய தோல் விரிந்திருக்கிறது. பழந்தின்னியில் அது நுனிக்கு நுனி 1 மீட்டருக்கு மேல் அகலும். பறக்க உதவும் அத்தோலே வெப்பத்தைத் தணிக்கவும் உதவுகிறது: கோடை நண்பகலில் வௌவால் தன் சிறகை நக்கி எச்சிலால் நனைத்து, தொங்கியபடியே விசிறிக்கொள்கிறது. அந்தி சாய்ந்ததும் கண்ணையும் மூக்கையும் துணைகொண்டு பறந்துசென்று, இலுப்பைப் பூவை நாடி மகரந்தம் சேர்ப்பிக்கிறது; அத்தி, ஆல் முதலியவற்றின் விதைகளைத் தூரத்தில் பரப்புகிறது.

தேரையின் தோல் இதனினும் விசித்திரமானது. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமண்ணில் அடிவயிற்றை அழுத்தி அமர்ந்து, அவ்விடத்துத் தோலின் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் இரு சுரப்பிகளை அருகிலிருந்து உற்று நோக்கினால் அவற்றின்மேல் நுண்துளைகள் தெரியும். பகை நெருக்கும்போது அத்துளைகளில் கசியும் வெண்ணிற நஞ்சு, தேரையைக் கவ்விய நாயை நுரை தள்ளச் செய்துவிடும். பழந்தோலை உரிக்கும் காலத்தில் அதனையும் வீணாக்காமல் வாயால் இழுத்து விழுங்கிவிடுகிறது!

சந்ததி விஷயத்தில் வௌவால் ஆண்டுக்கு ஒரே குட்டியை ஈன்று மார்பில் சுமக்க, தேரையோ ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சரம்சரமாக நீரில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது.

தேரை மோந்ததனால் தேங்காய் உள்ளீடற்றுப் போயிற்று என்பது வீண் பழி; சரியான மகரந்தச் சேர்க்கையின்மையும் போரான் முதலிய சத்துக்களின் குறைவுமே அதற்குக் காரணங்கள். ஆகவே தேரையைக் கண்டால் கல்லெறிய வேண்டாம். தொட நேர்ந்தால் கையைக் கழுவிக்கொள்வது போதும். வௌவால் தங்கும் மரத்தடியில் தீபாவளியன்றும் வெடி கொளுத்தாத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மற்ற ஊராரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டுகிறேன்.