பெட்டி கட்டும் படலம் - 9: கொசுறில் வந்த வம்பு

போன வாரம் பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கில் நின்றோம். பெட்டியைக் கட்டிக்கொண்டு பாத்ரூம் தராசில் ஏறி, பிறகு வெறுங்கையோடு ஏறிக் கழித்துப் பார்க்கிற வித்தை வரை சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் தி.நகர் பிளவுஸ் தையல்காரர்களைப் பற்றி எழுதுவதாக வாக்கு. குறுக்கே ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை வந்து விழுந்துவிட்டது.

அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளைகளின் கடைசி நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். விமானம் பெரும்பாலும் நடுராத்திரி தாண்டித்தான். அதனால் பகல் முழுக்கக் கையில் இருப்பதாக ஒரு பிரமை. காலையில் அடையாறு காந்தி நகர் கிராண்ட் ஸ்வீட்ஸில் புளிக்காய்ச்சல், தொக்கு. அடுத்து மயிலாப்பூர்: அம்பிகாவில் அப்பளம், கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் சுக்கும் கண்டந்திப்பிலியும். கபாலிக்கு ஒரு கும்பிடு. அப்படியே பாண்டி பஜார். வீடு திரும்பினால் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கும்.

அண்ணன் மகள் நியூ ஜெர்சிக்குக் கிளம்பிய அன்று, தெற்கு மாட வீதியில் காய்க்காரம்மா கொசுறாகப் போட்ட கறிவேப்பிலையை அண்ணி ஈரத்துணியில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாளைச் சுற்றி, பட்டுப்புடவை மடிப்புக்குள் செருகினார்.

“வேணாம்மா, பிடிச்சா வம்பு.”

“கறிவேப்பிலைதானேடி, கஞ்சாவா கடத்தறோம்?”

நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். தேடிப் படித்த பிறகு, பச்சைக் கறிவேப்பிலையை உள்ளே விடாத அமெரிக்கச் சுங்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பத்தின் கொழுந்தில் ‘சைலிட்’ என்று ஒரு பூச்சி உட்காரும். மூன்று மில்லிமீட்டர்தான். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு 45 டிகிரி சாய்வில் சாறு உறிஞ்சும். முட்டையும் கொழுந்தில்தான். ஆரஞ்சு மரங்களுக்கு ‘கிரீனிங்’ என்ற நோயின் பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். கறிவேப்பிலைச் செடி பூச்சிக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் தான் பாட்டுக்குத் தளதளவென்று நிற்கும். ஆரஞ்சுக்கு நோய் வந்தால் பழம் கோணும், கசக்கும், உதிரும். மருந்து கிடையாது, மரம் சில வருடங்களில் போய்விடும். இந்தப் பூச்சிதான் இங்கே நோயைப் பரப்புகிறது என்று 1967-இல் காட்டியவர்கள் கபூர், ராவ், விஸ்வநாத் என்ற நம் விஞ்ஞானிகள் மூவர்.

புளோரிடாவில் 1998-இல் பூச்சி கண்ணில் பட்டது, 2005-இல் நோய். 2003-04 பருவத்தில் அந்த மாநிலம் பறித்த ஆரஞ்சு 24 கோடிப் பெட்டி; ஒரு பெட்டி சுமார் 40 கிலோ. 2022-23-இல் அது ஏறக்குறைய 1.6 கோடிப் பெட்டியாகச் சுருங்கியது. நடுவில் புயல்களும் அடித்தன என்றாலும் முதல் குற்றவாளி கிரீனிங்தான். நாம் சாப்பிடும்போது இலையோரம் ஒதுக்குகிற சமாசாரத்துக்கு விமான நிலையத்தில் ஏன் அத்தனை மரியாதை என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்றும் உண்டு. வில்வமும் இதே குடும்பம். கபாலி கோயில் விபூதிப் பொட்டலத்தில் வில்வ இலை ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்து வீட்டுப் பூஜையறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

புடவை மடிப்பில் யாருக்குத் தெரியும் என்பீர்கள். நாய்க்குத் தெரியும். பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பழம், இறைச்சி, செடிகொடிகளை மோப்பம் பிடிக்க 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள் நாய்களை இறக்கினார்கள். சின்ன நாய், பார்த்தால் யாரும் மிரள மாட்டார்கள். சமர்த்தாகப் பெட்டியருகே வந்து உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான்.

கொப்பரைக்கும் இதேபோல ஒரு வழக்கு இருக்கிறது. தானாகத் தீப்பற்றக்கூடிய சரக்கு என்று விமானத்துறை அதை ஒரு எண்ணோடு பட்டியலில் வைத்திருக்கிறது: ஐ.நா. 1363. இடம் போதவில்லை, தையல்காரரோடு சேர்த்து அடுத்த வாரம்.

கடைசியில் அண்ணி பொட்டலத்தை வெளியே எடுத்தார், மனசில்லாமல். அமெரிக்காவிலேயே விளைந்த கறிவேப்பிலை அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கிறது, காசுக்கு, கொசுறு கிடையாது. வாசனைதான் வேண்டுமென்றால் தொக்கை எடுத்துப் போங்கள். எண்ணெயில் வதங்கியதில் எந்தப் பூச்சியும் உயிரோடு அக்கரை சேராது. எதை எடுத்துப் போனாலும் சுங்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆகாததைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம்.